செராமிக் கிரில்லுக்குக் கரி தேர்ந்தெடுப்பது எப்படி: சிங்கப்பூர் வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

செராமிக் கிரில் வாங்கும்போது அளவு, மூடி, சக்கரம் வைத்த தாங்கி, மழை உறை என்று எல்லாவற்றையும் அலசி ஆராய்கிறோம். கரி என்று வரும்போது மட்டும் கடையில் கைக்கு எட்டிய பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். அப்புறம் ஆட்டுத்தொடை பாதி வெந்த நிலையில் சூடு இறங்கினால் பழி அடுப்பின் மேல் விழுகிறது. பெரும்பாலும் அடுப்பு நன்றாகத்தான் இருக்கும். உள்ளே போட்ட கரிதான் அதற்குப் பொருந்தியிருக்காது.

தரைவீட்டின் பின்முற்றத்திலோ கூட்டுரிமை வீட்டின் தரைத்தள வெளியிலோ இந்த அடுப்பை வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீவக அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ் போன்ற பூங்காக்களில் முன்பதிவு செய்யும் பார்பிக்யூ அடுப்புகளுக்கும், கரியைச் சோதிக்கும் பகுதி அப்படியே பயன்படும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் கரி வாங்கும்போது மரத்தின் பெயரைவிடத் துண்டின் அளவையும் ஈரத்தையும்தான் முதலில் பார்க்க வேண்டும். எவ்வளவு பேர்போன இறக்குமதிக் கரியும் ஈரம் குடித்துவிட்டால், நன்றாகச் சலித்துக் காயவைத்த பக்காவ் கரிக்கு ஈடாகாது.

அடுப்பு எதைக் கேட்கிறது?

கமாடோ என்று சொல்லப்படும் இந்த அடுப்பு ஜப்பானிய மண் அடுப்பின் வழியில் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படைவீரர்கள் இதைத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோனார்கள். 1974இல் அட்லாண்டாவில் பிக் கிரீன் எக் நிறுவனம் தொடங்கிய பிறகு உலகம் முழுக்கப் பரவியது. தந்தூரி அடுப்பைப் பார்த்தவர்களுக்கு இதன் தத்துவம் புதிதில்லை. தடித்த சுவர் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல மெல்லத் திருப்பித் தரும்.

வித்தியாசம் காற்றில் இருக்கிறது. திறந்த அடுப்பில் கரிக்கு நாலா பக்கமும் காற்று கிடைக்கும். கமாடோவில் கீழே ஒரு சிறு கதவு, மேலே ஒரு துளை, அவ்வளவுதான். 110 டிகிரி செல்சியஸில் நிறுத்தி வைக்கும்போது அந்த இரண்டு வழிகளும் ஏறக்குறைய மூடிய நிலையில் இருக்கும். உள்ளே வரும் கொஞ்சக் காற்று, அடித்தட்டின் துளைகள் வழியாக ஏறி, கரித்துண்டுகளுக்கு நடுவில் இருக்கும் சந்துகளில் புகுந்து மேலே போக வேண்டும். அந்தச் சந்துகள் அடைத்துக்கொண்டால் கதவை எவ்வளவு திறந்தாலும் பலன் இல்லை.

அடைப்பது இரண்டு: தூளும் சாம்பலும். இந்த அடுப்புக்கு அச்சில் வார்த்த பிரிக்கெட் கரி வேண்டாம், மரம் அப்படியே கரியான கட்டிக்கரி போடுங்கள் என்று எல்லாரும் சொல்வதன் காரணம் இதுதான். பிரிக்கெட்டில் கரித்தூளை ஒட்டவைக்க மாவுப்பசை சேர்ப்பார்கள், சிலர் சுண்ணாம்புக்கல் போன்ற நிரப்பிகளும் சேர்ப்பார்கள். எரிந்த பிறகு அதெல்லாம் சாம்பலாகக் குவியும். ஐரோப்பாவின் ஈஎன் 1860-2 தரவிதி கட்டிக்கரிக்கு 8 விழுக்காடு வரைதான் சாம்பலை அனுமதிக்கிறது. பிரிக்கெட்டுக்கு 18 வரை. நல்ல கட்டிக்கரி அந்த 8க்கும் வெகு கீழே, 2 முதல் 4 விழுக்காட்டில் நின்றுவிடும். நீண்ட நேரச் சமையலின் நடுவில் வெப்பத்தடுப்புக் கல்லையும் சூடான கம்பித்தட்டையும் இறைச்சியோடு தூக்கிவிட்டுச் சாம்பலைக் கிளற முடியாது. ஆகவே, தொடக்கத்திலேயே சாம்பல் குறைந்த கரியைப் போட்டுவிடுவதுதான் வழி.

படி 1: எதைச் சமைக்கப் போகிறோம் என்று முடிவு செய்யுங்கள்

எல்லாச் சமையலுக்கும் ஒரே கரி போதாது. முழு ஆட்டுத்தொடையையோ மாட்டிறைச்சி நெஞ்சுக்கண்டத்தையோ 110 டிகிரியில் பத்து மணி நேரம் வைக்கிறீர்கள் என்றால் கனமான, அடர்ந்த, கைமுட்டி அளவுத் துண்டுகள் வேண்டும். முழுக்கோழிக்கு 180 டிகிரி போதும். நடுத்தரத் துண்டுகள் கலந்த எந்த நல்ல கரியும் அதைத் தாங்கும். தந்தூரி, நான், பீட்சா, பெரிய இறால் என்று 300 டிகிரியைத் தொட வேண்டுமானால் சீக்கிரம் பற்றிக்கொண்டு வேகமாக எரியும் கரி நல்லது. வாழையிலையில் சம்பால் பூசிய திருக்கை மீனுக்கும் அப்படித்தான்.

பெரும்பாலான குடும்பங்கள் வார இறுதியில் கோழியும் மீனும்தான் சுடுகின்றன. அவர்களுக்கு விலையுயர்ந்த அடர்மரக் கரி தேவையே இல்லை என்பது என் கருத்து. தீபாவளிக்கும் பிறந்தநாளுக்கும் நீண்ட சமையல் செய்பவர்கள் அதற்கென்று ஒரு பை தனியாக வைத்துக்கொள்ளலாம்.

படி 2: மரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

நமக்கு மிக அருகில் கிடைப்பது பக்காவ் கரி, அதாவது அலையாத்தி மரக்கரி. பிச்சாவரத்தில் சுரபுன்னை என்கிறோமே, அந்தக் குடும்பத்து மரம். இதில் பேர்பெற்றது மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தைப்பிங் அருகே கோலா செபெத்தாங்கில் எரிக்கப்படும் கரி. மரம் வருவது மாத்தாங் அலையாத்திக் காட்டிலிருந்து. சுமார் 40,000 ஹெக்டேர் பரப்புள்ள அந்தக் காட்டை 1902 முதல் முறைப்படி பராமரித்து வருகிறார்கள். ஒரு பகுதியில் மரம் வெட்டினால் அங்கே மறுபடி வளர்த்து, 30 ஆண்டுச் சுழற்சியில்தான் அடுத்து வெட்டுவார்கள். வெட்டிய மரத்தின் பட்டையை உரித்து, 1.6 மீட்டர் நீளத் துண்டுகளாக்கி, செங்கல்லும் களிமண்ணும் கொண்டு கட்டிய கவிந்த சூளைக்குள் நிற்கவைக்கிறார்கள். வாயிலில் மட்டும் நெருப்பு எரியும். உள்ளே இருக்கும் மரம் அந்தச் சூட்டில் வெந்து முதலில் நீரை இழக்கும், பிறகு கரியாக மாறும். அதன் பிறகு சூளையை முழுக்க அடைத்து ஆறவிடுவார்கள். எல்லாம் சேர்த்துச் சுமார் ஒரு மாதம். எந்த நேரத்தில் அடைப்பது என்பதை வெளியே வரும் ஆவியின் மணத்தையும் சூட்டையும் வைத்து அனுபவசாலிகள் முடிவு செய்கிறார்கள்.

அந்தப் பொறுமை கரியில் தெரியும். பக்காவ் கரி கனமானது, அதிகம் பொறி பறக்காது, நின்று எரியும். நம் ஊர்ச் சாத்தே கடைகளில் இதற்கு நீண்ட காலமாகவே மதிப்பு உண்டு. ஒரு காலத்தில் தஞ்சோங் ரூ கரையில் தொங்காங் படகுகளில் வந்து இறங்கிய சரக்கிலும் அலையாத்திக் கரி நிறைய இருந்தது. கடையில் 'ஆராங் பக்காவ்' என்று கேட்டால் எல்லா இனத்துக் கடைக்காரர்களுக்கும் புரியும். இதில் எனக்கு ஒரு வலுவான எண்ணம் உண்டு: கேட்டு வாங்குங்கள். மாத்தாங் போல முறையாக நடத்தப்படும் காடு வேறு, கணக்கு வழக்கில்லாமல் வெட்டப்படும் கடலோரக் காடு வேறு. அலையாத்தி அழிந்தால் மீன் குஞ்சுகளுக்கு இடம் இல்லை, கரை அரிப்புக்குத் தடுப்பு இல்லை. எந்த ஊர்ச் சரக்கு என்று கடைக்காரருக்குச் சொல்லத் தெரியாவிட்டால் அந்தப் பையை நான் எடுப்பதில்லை.

அமெரிக்கக் கரிப் பைகளில் 'மெஸ்கீட்' என்று இருந்தால் தயங்க வேண்டாம். அது நமக்குத் தெரிந்த மரத்தின் உறவு. இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் மூட்டம் போட்டுக் கரி எடுக்கும் சீமைக்கருவேலமும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அதே வகை மரம்தான். இதன் சூடு பலமாக இருக்கும், மணமும் தூக்கலாக இருக்கும். ஆனால் படபடவென்று பொறி தெறிக்கும். ஆட்டு விலா, இறால் போன்ற விரைவான சமையலுக்கு அருமை. மூடியைத் திறக்கும்போது மட்டும் குழந்தைகள் பக்கத்தில் நிற்கக் கூடாது.

அடுத்தது தென் அமெரிக்காவின் கெப்ராச்சோ. பராகுவே, அர்ஜென்டினா பக்கத்திலிருந்து வரும் இந்த மரக்கரி மிகவும் அடர்த்தியானது. பற்றிக்கொள்ளத் தாமதமாகும், பற்றிய பிறகு நீண்ட நேரம் நிற்கும். இரவு முழுக்க நடக்கும் சமையலுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். ஓக், ஹிக்கரி கலந்த அமெரிக்கக் கரி நடுத்தரம்: சீக்கிரம் பற்றும், மணம் மிதமாக இருக்கும், புதிதாகத் தொடங்குபவர்களுக்குக் கையாள எளிது. நமீபியாவிலிருந்து வருவது புல்வெளியை ஆக்கிரமித்த முட்புதர்களை வெட்டி எரித்த கரி. அதில் ஒரு பகுதி, முறையாகப் பராமரித்த காட்டு மரம் என்று சான்று தரும் எஃப்எஸ்சி முத்திரையோடு வருகிறது. பையில் அதைத் தேடுங்கள்.

வெள்ளைக்கரி எனப்படும் பின்சோதான் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். ஜப்பானின் வாக்காயாமா வட்டாரத்தில் உபாமே ஓக்கில் செய்வது இதில் தலைசிறந்தது. கடைசிக் கட்டத்தில் காற்றை உள்ளே விட்டு 1,000 டிகிரிக்கு மேல் ஏற்றி, வெளியே இழுத்துச் சாம்பலும் மண்ணும் கலந்த தூளால் மூடி அணைப்பார்கள். தட்டினால் உலோகம்போல் ஒலிக்கும். புகையே இல்லாத அற்புதமான தணல், சந்தேகமில்லை. ஆனால் அது திறந்த, காற்றோட்டமுள்ள சிறு அடுப்புக்கு உரியது. காற்றை இறுக்கிப் பிடிக்கும் கமாடோவில், அதுவும் குறைந்த சூட்டில், அது அணைந்துபோக வாய்ப்பு அதிகம். கொடுக்கும் பணத்துக்கு இங்கே அது தகுந்த பலனைத் தராது. தேங்காய்ச் சிரட்டைக் கரியும் பெரும்பாலும் அச்சில் வார்த்த பிரிக்கெட்டாகவே கிடைக்கிறது. சீராக எரியும், புகை குறைவு. ஒரு மணி நேரச் சமையலுக்குத் தாராளமாகப் போடலாம்.

படி 3: கடையில் பையைச் சோதியுங்கள்

பையைத் திறந்து பார்க்க விடமாட்டார்கள். ஆனாலும் வெளியிலிருந்தே நிறைய தெரிந்துகொள்ளலாம். முதலில் பையை மெல்லத் தூக்கி ஒரு பக்கமாகச் சாயுங்கள். மணல் சரிவது போன்ற சத்தம் கேட்டால் அடியில் தூள் நிறைய இருக்கிறது. கல்லும் கல்லும் உரசும் சத்தம் கேட்டால் நல்லது. பிறகு பையின் மேல் கையால் அழுத்தித் துண்டின் அளவைத் தடவிப் பாருங்கள். அடுக்கின் ஆகக் கீழே இருக்கும் பையை எடுக்காதீர்கள். மேலே இருந்த சுமையெல்லாம் அதை நொறுக்கியிருக்கும்.

காகிதப்பையில் கறை படிந்திருந்தாலும், தொட்டால் தொய்வாக இருந்தாலும் வைத்துவிடுங்கள். வாசலில், மழைச்சாரல் படும் இடத்தில் அடுக்கியிருக்கும் கடையில் எந்தக் கரியையும் வாங்க வேண்டாம்.

பையில் என்ன எழுதியிருக்கிறது? மரத்தின் பெயரும் நாடும் இருந்தால் மதிப்பெண் கூடும். 'இயற்கையான கடின மரம்' என்று மட்டும் இருந்தால் உள்ளே எதுவும் இருக்கலாம். 'உடனே பற்றும்' என்று போட்டிருந்தால் அதில் எரிபொருள் தோய்த்திருக்கிறார்கள். செராமிக் அடுப்புக்கு அது ஆகவே ஆகாது.

படி 4: வீட்டில் கொட்டிப் பிரியுங்கள்

புதிய வகைக் கரி எதுவானாலும் முதலில் ஒரே ஒரு பை வாங்குங்கள். ஒரு தார்ப்பாயை விரித்து, வெயில் இருக்கும் பிற்பகலில் முழுப் பையையும் கொட்டுங்கள். சிங்கப்பூரில் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழை இல்லாத நாளில் பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். கரியைத் திறந்து கையாள அந்த நேரமே தோது.

நாலு வாளி வைத்துக்கொள்ளுங்கள். கைமுட்டியும் அதற்கு மேலும் ஒன்றில், எலுமிச்சை அளவு ஒன்றில், கொட்டைப்பாக்கு அளவு ஒன்றில், தூள் ஒன்றில். 2 சென்டிமீட்டர் கண் உள்ள கம்பி வலை இருந்தால் வேலை சுலபம். ஒவ்வொன்றையும் நிறுத்து எழுதுங்கள். முன்னே சொன்ன ஐரோப்பியத் தரவிதிப்படி, பையில் குறைந்தது 80 விழுக்காடு 20 மில்லிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். 10 மில்லிமீட்டருக்குக் கீழே 7 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. 10 கிலோ பையில் தூள் 700 கிராமைத் தாண்டினால் அந்தச் சரக்கு தேறவில்லை. கமாடோவுக்கு நான் இன்னும் கடுமையான கணக்கு வைப்பேன்: பாதிக்கு மேல் எலுமிச்சை அளவும் அதைவிடப் பெரியதுமாக இருக்க வேண்டும். அதே சமயம் எல்லாமே செங்கல் அளவில் இருந்தாலும் சிரமம்தான். நடுவில் இடைவெளி பெரிதாகி, ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு நெருப்பு தாவாது.

பிரிக்கும்போதே தரத்தையும் பாருங்கள். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மொத்தென்று ஒலித்தால் ஈரம், அல்லது சரியாக வேகாத மரம். ஒரு துண்டை உடைத்துப் பாருங்கள். உடைந்த முகம் பளபளப்பான கறுப்பாக, மரத்தின் ரேகை தெரியும்படி இருந்தால் நன்றாக வெந்த கரி. நடுவில் பழுப்பு நிறம் தெரிந்தால் அது பாதி மரம். எரியும்போது கண்ணெரியும் புகை வரும், இறைச்சியில் கசப்பு ஏறும். ஒன்றிரண்டு அப்படி இருந்தால் எடுத்துப் போட்டுவிடலாம். வாளிக்கணக்கில் இருந்தால் அந்தப் பெயரை மறுபடி வாங்க வேண்டியதில்லை.

நேரான விளிம்பும் பலகை வடிவமும் கொண்ட துண்டுகள் கிடைத்தால் உற்றுப் பாருங்கள். தச்சுப் பட்டறை, தரைப்பலகைத் தொழிற்சாலை மிச்சங்களை எரித்த கரி அப்படித்தான் இருக்கும். சுத்தமான மரமாக இருந்தால் கெடுதல் இல்லை. ஆனால் பெயிண்ட், பசை, பூச்சிமருந்து ஏற்றிய மரம் கலந்திருக்குமோ என்ற ஐயம் தீராது. ஆணி, கம்பி, ஒட்டுப்பலகைத் துண்டு ஏதாவது கண்ணில் பட்டால் முழுப் பையையும் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உணவு விஷயத்தில் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

கொட்டைப்பாக்கு அளவுத் துண்டுகளை வீணாக்க வேண்டாம். சிறு மண் அடுப்பில் மீன் சுட ஆகும், வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் தூபக்காலுக்கும் ஆகும்.

படி 5: சமையல் இல்லாமல் ஒரு முறை எரித்துப் பாருங்கள்

இதைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். கரியைப் பற்றி உண்மையைச் சொல்வது இந்தச் சோதனைதான். பிரித்த கரியில் 2 கிலோ எடுத்து, சுத்தமான அடுப்பில் போட்டு, நடுவில் ஒரே இடத்தில் பற்றவையுங்கள். 120 டிகிரியில் நிலைநிறுத்துங்கள். நாலு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: பற்ற எவ்வளவு நேரம் ஆனது, வெள்ளைப்புகை தெளிய எவ்வளவு நேரம் ஆனது, கதவுகளைத் தொடாமல் எவ்வளவு நேரம் சூடு நின்றது, எவ்வளவு சாம்பல் மிஞ்சியது.

முழுக்க எரிந்த பிறகு சாம்பலை ஆறவிட்டு நிறுங்கள். 60 கிராம் இருந்தால் 3 விழுக்காடு, மிக நன்று. 160 கிராம் என்றால் 8 விழுக்காடு. நீண்ட சமையலில் அடித்தட்டை அடைத்துவிடும். மணத்தையும் கவனியுங்கள். புகை தெளிந்த பிறகும் ரசாயன நெடி மூக்கில் ஏறினால் அந்தக் கரியில் உணவு வைக்க வேண்டாம்.

இரண்டு வகைகளை ஒப்பிடுவதாக இருந்தால் வானிலை ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும் நாள்களில் செய்யுங்கள். மழை நாளும் வெயில் நாளும் கணக்கைக் குழப்பும்.

படி 6: விலையை மணிக்கணக்கில் போடுங்கள்

ஒரு உதாரணம். முதல் பை 10 கிலோ, 30 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது 9 கிலோ, 36 வெள்ளி. பார்த்த மாத்திரத்தில் முதல் பை மலிவு: கிலோவுக்கு 3 வெள்ளி, மற்றது 4 வெள்ளி. சலித்துப் பார்த்தால் முதல் பையில் உருப்படியாக 7.5 கிலோதான் தேறுகிறது, இரண்டாவதில் 8.6 கிலோ. இப்போது கிலோ 4 வெள்ளி, 4.19 வெள்ளி. சோதனையில் 2 கிலோ முதல் கரி 8 மணி நேரமும் இரண்டாவது 10 மணி நேரமும் நின்றால், ஒரு மணி நேரத்துக்கு முதல் கரி 1 வெள்ளி, இரண்டாவது 84 காசு. விலை அதிகம் என்று தோன்றிய பைதான் மலிவு. இதற்கு நேர்மாறாகவும் வரலாம். அதனால்தான் நிறுத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

படி 7: ஈரத்திலிருந்து காப்பாற்றுங்கள்

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். கரி என்பது நுண்துளைகளால் ஆன பொருள். காற்றிலிருக்கும் ஈரத்தைத் தானாகவே இழுத்துக்கொள்ளும். நம் ஊரில் ஆண்டுச் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டுக்கு மேல். திறந்த பையைப் பின்முற்றத்தில் ஒரு மாதம் வைத்தால், ஒரு துளி மழை படாவிட்டாலும் அது ஈரமான கரிதான். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பற்றவைத்தால் சீறும், வெடிக்கும், வெள்ளை ஆவி நீண்ட நேரம் வரும். கரியின் சூட்டில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும்.

சந்தேகம் இருந்தால் அளந்துவிடலாம். 500 கிராம் கரியை நிறுத்துத் தட்டில் பரப்பி, இரண்டு பிற்பகல் நல்ல வெயிலில் வைத்து மறுபடி நிறுங்கள். 470 கிராமுக்கு இறங்கினால் குறைந்தது 6 விழுக்காடு தண்ணீருக்கு விலை கொடுத்திருக்கிறீர்கள். தரவிதியில் உச்ச வரம்பு 8.

சேமிக்க இறுக்கமான மூடியுள்ள உலோக வாளி போதும். தரையில் நேரடியாக வைக்காமல் ஒரு பலகை மேல் வையுங்கள். எரிவாயு உருளைக்கும் வாகனத்துக்கும் பக்கத்தில் வேண்டாம். டிசம்பர், ஜனவரி வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் மொத்தமாக வாங்கி அடுக்குவது நல்ல யோசனையாகத் தோன்றும். மூடிய வாளிக்குள் கொள்ளும் அளவுக்கு மட்டும் வாங்குங்கள்.

அடுப்புக்குள் விட்டுவைத்த மிச்சக்கரியும் இதே கதைதான். எல்லாக் கதவையும் இறுக்கி மூடி, மேலே உறையும் போட்டு மூன்று வாரம் விட்டால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். அடுப்பு முழுக்க ஆறிய பிறகு மேல் துளையையும் கீழ்க் கதவையும் கொஞ்சம் திறந்து, மழை படாமல் காற்று மட்டும் போக விடுங்கள். பூஞ்சை வந்துவிட்டால் பழைய கரியை அள்ளிப் போட்டுவிட்டு, புதுக்கரி போட்டு, உணவு வைக்காமல் அடுப்பைக் காய்ச்சிச் சுத்தம் செய்த பிறகே சமையுங்கள். ஈரம் ஊறிய செராமிக்கை எடுத்த எடுப்பில் 300 டிகிரிக்கு ஏற்றினால் விரிசல் விடலாம், ஆகவே சூட்டைப் படிப்படியாக ஏற்றுங்கள்.

படி 8: அடுக்குங்கள், பற்றவையுங்கள்

பிரித்து வைத்த வாளிகள் இப்போது கைகொடுக்கும். பெரிய துண்டுகளை அடியில், அடித்தட்டின் துளைகளை அடைக்காதபடி பரப்புங்கள். அதன் மேல் எலுமிச்சை அளவுத் துண்டுகள், உச்சியில் கொஞ்சம் சின்னத் துண்டுகள். நெருப்புக் கிண்ணத்தின் விளிம்பு வரை நிரப்பத் தயங்காதீர்கள். கமாடோவில் சூட்டை முடிவு செய்வது காற்று, கரியின் அளவு அன்று. மிஞ்சியது அடுத்த முறைக்கு ஆகும்.

நீண்ட சமையலுக்கு நடுவில் ஒரே இடத்தில் பற்றவையுங்கள். உயர்சூட்டுக்கு மூன்று இடங்களில். மெழுகு தோய்த்த மரநார் உருண்டை நல்லது. அது இல்லையென்றால் சமையல் எண்ணெயில் நனைத்த பஞ்சு போதும். மண்ணெண்ணெயும் லைட்டர் திரவமும் செராமிக்கின் துளைகளில் ஊறிவிடும். நெடி லேசில் போகாது. கற்பூரமும் வேண்டாம்.

கீழ்க் கதவை முழுக்கத் திறந்து, மூடியைத் திறந்தபடியே 10 முதல் 15 நிமிடம் விடுங்கள். பிறகு மூடியை இறக்கி, வேண்டிய சூட்டுக்குக் கீழே இருக்கும்போதே கதவுகளைச் சுருக்கத் தொடங்குங்கள். ஒரு தடவை சூடு மீறிவிட்டால் இந்தத் தடித்த சுவர் லேசில் ஆறாது. வெள்ளைப்புகை அடங்கி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத மெல்லிய நீலப்புகை வரும்வரை இறைச்சியை வைக்க வேண்டாம். அடர்ந்த கரிக்கு இது 45 நிமிடம்கூட ஆகலாம்.

நல்ல கரி தானாக அதிகப் புகைமணம் தராது. மணம் வேண்டுமென்றால் காய்ந்த மாமரத் துண்டு, புளியமரத் துண்டு ஒன்றிரண்டைத் தணலின் மேல் வையுங்கள். தெருவோர மரக்கிளையை ஒடித்து வர வேண்டாம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், சாலையோரத்தில் நிறையக் காணப்படும் பொங் பொங் மரமும் தோட்டத்து அரளியும் நச்சுத்தன்மை கொண்டவை. எந்த மரம் என்று உறுதியாகத் தெரியாத எதையும் நெருப்பில் போடாதீர்கள்.

பாதுகாப்பும் அக்கம்பக்கமும்

கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மழை வந்துவிட்டது என்று அடுப்பைக் கார் நிறுத்தும் மூடிய கூடத்துக்குள் தள்ளாதீர்கள். வீவக தாழ்வாரத்திலும் பால்கனியிலும் கரி அடுப்பு வேண்டவே வேண்டாம். கூட்டுரிமை வீடுகளில் நிர்வாகத்திடம் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

காற்றை அடைத்து வைத்த அடுப்பின் மூடியைச் சட்டென்று திறந்தால் தீப்பிழம்பு முகத்துக்கு வரும். இரண்டு விரற்கடை தூக்கி, சில விநாடி காற்றை உள்ளே விட்டு, பிறகு முழுக்கத் திறவுங்கள். இதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லிக்கொடுங்கள்.

ஜூன் முதல் அக்டோபர் வரை சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் வரக்கூடிய காலம். காற்று மாசைக் காட்டும் பிஎஸ்ஐ குறியீடு ஏறியிருக்கும் நாளில் அடுப்பை மூட்ட வேண்டாம். மற்ற நாள்களிலும் பக்கத்து வீட்டில் துணி காயப்போட்டிருக்கிறார்களா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். நன்கு வெந்த, காய்ந்த கரி முதல் அரைமணி நேரப் புகையைப் பாதியாகக் குறைத்தாலே அவர்களுக்கு அது பெரிய உபகாரம்.

மிச்சக்கரியும் சாம்பலும்

சமையல் முடிந்ததும் மேலும் கீழும் மூடிவிட்டால் நெருப்பு தானாக அணைந்து, எரியாத கரி அப்படியே நிற்கும். அடுத்த முறை அதைக் குச்சியால் நன்றாகக் கிளறுங்கள். ஒட்டியிருக்கும் சாம்பல் உதிர்ந்து கீழே விழ வேண்டும். நொறுங்கிய சின்னத் துண்டுகளை அள்ளிவிட்டு, புதுக்கரியை அடியில் அடுக்கி, பழையதை மேலே போடுங்கள். ஒரு முறை எரிந்த கரி சீக்கிரம் பற்றும். ஆனால் நீண்ட சமையலுக்கு முன்னால் மட்டும் கிண்ணத்தை முழுக்கக் காலி செய்து, அடித்தட்டின் ஒவ்வொரு துளையையும் குத்திவிட்டுப் புதுக்கரியில் தொடங்குங்கள்.

சாம்பலுக்குள் தணல் உயிரோடு இருக்கும். மூடியுள்ள உலோக வாளியில் இரண்டு நாள் வைத்த பிறகே அதைக் கையாளுங்கள். குப்பை வழிக்குழாயில் கொட்டவே கூடாது. மரச்சாம்பல் காரத்தன்மை உடையது, நம் ஊர் மண்ணோ பொதுவாக அமிலத்தன்மை கொண்டது. அதனால் வாழை, கறிவேப்பிலை அடியில் மாதம் ஒரு கைப்பிடி தூவலாம். பிரிக்கெட் சாம்பலைச் செடிக்குப் போட வேண்டாம். அதை ஆறவைத்து, பையில் கட்டி, குப்பையில் சேர்த்துவிடுங்கள்.